போர்க்காலக் கல்லூரி அணிகளின் சாதனைகளை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: ஆட்டக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடிய கால்பந்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கால்பந்து என்று நான் இங்கே குறிப்பிடுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க வகை ஆட்டத்தை. 1942 முதல் 1946 வரையிலான முடிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது, அவை எல்லாம் ஒரே விளையாட்டின் முடிவுகள்தாமா என்ற சந்தேகமே எழுகிறது.

வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி 1944-இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தை 59-0 என்று வீழ்த்தியது. மறு ஆண்டு 48-0 என்று வீழ்த்தியது. 1946-இல் அதே இரு அணிகள் அதே யாங்கி அரங்கில் மோதியபோது ஆட்டம் 0-0 என்று முடிந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1942-இல் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. அந்த ஆண்டு நாட்டின் முதலிடத்தைப் பெற்ற ஒஹாயோ ஸ்டேட் அணியையே 17-7 என்று வென்றது. அடுத்த ஆண்டு அதே விஸ்கான்சின் பத்து ஆட்டங்களில் ஒன்பதைத் தோற்றது. 1943-ஆம் ஆண்டின் தலைசிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை, ஆறே ஆட்டங்கள் ஆடிய ஆஞ்சலோ பெர்டெல்லிக்குக் கிடைத்தது.

இந்த ஆண்டுகளின் சாதனைகளையும் விருதுகளையும் அமைதிக் காலத்தவற்றோடு ஒரே வரிசையில் வைப்பது முறையா? அல்லது போர்க்காலம் என்று அடையாளமிட்டுத் தனியே ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் வீரர்களுக்கு அநீதி, ஒதுக்காவிட்டால் வாசகர்களுக்கு அநீதி என்று தோன்றுகிறது. இந்தக் காலத்தை ஆழ்ந்து படித்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: கடைசிக்கெஜம்

நல்ல கேள்வி. உங்கள் அட்டவணையில் காணப்படும் ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதியை, எந்தக் கல்லூரிக்கு எந்தப் படையின் பயிற்சித் திட்டம் வந்து சேர்ந்தது என்ற ஒரே கேள்வியைக் கொண்டு விளக்கிவிட முடியும். வீரனின் கால்வலிமையும் பயிற்சியாளரின் மதிநுட்பமும் அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகின்றன.

கடற்படை, 1943 ஜூலை முதல் நாள் வி-12 என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதிகாரிகளாகத் தகுதி பெறக்கூடிய இளைஞர்களைச் சீருடையோடு கல்லூரிகளிலேயே தங்கவைத்துப் படிக்கவைக்கும் அந்தத் திட்டம் 131 கல்லூரிகளில் நடைபெற்றது. மொத்தம் 1,25,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் கல்லூரி அணிகளில் ஆடலாம் என்று கடற்படை அனுமதித்தது; போட்டி விளையாட்டு எதிர்கால அதிகாரிக்கு நல்ல பயிற்சியே என்பது அதன் நிலைப்பாடு. தரைப்படையும் அதே ஆண்டில் தன்னுடைய சிறப்புப் பயிற்சித் திட்டத்தைக் கல்லூரிகளில் நடத்தியது. ஆனால் பாடங்களுக்கே நேரம் போதாது என்று கூறி, தன் மாணவர்கள் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை விதித்தது. ஆகவே ஒரு வளாகத்தில் இருபது வயது இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் நடமாடினாலும், அவர்கள் தரைப்படை மாணவர்களாக இருந்தால் அந்தக் கல்லூரியின் அணிக்கு ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். அலபாமா, டென்னசி, ஸ்டான்ஃபோர்ட், மிச்சிகன் ஸ்டேட் போன்ற பெயர்பெற்ற அணிகள் 1943-இல் களம் இறங்கவே இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட விஸ்கான்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-இல் அந்த அணியின் நட்சத்திரமாக விளங்கிய எல்ராய் ஹிர்ஷ், கடற்படைத் துறையின் கீழிருந்த மரைன் படையில் சேர்ந்ததால் வி-12 திட்டத்தின் கீழ் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என்று நான்கு விளையாட்டுகளிலும் கல்லூரியின் அணியில் இடம்பெற்றார். மினசோட்டாவில் ஆடிக்கொண்டிருந்த பில் டேலியும் அதே வழியில் மிச்சிகன் வந்து சேர்ந்தார். முந்தைய ஆண்டுகளில் யாருக்காக ஆடினாரோ அதே மினசோட்டாவை எதிர்த்து 1943-இல் ஆடினார், மிச்சிகன் 49-6 என்று வென்றது. வீரர்கள் எவரும் பேரம் பேசி இடம் மாறவில்லை, பணத்துக்காகவும் மாறவில்லை. ஆணை எங்கே போகச் சொன்னதோ அங்கே போனார்கள்.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் கதையும் இதே வகைதான். 1943-இல் ஒன்பது ஆட்டங்களையும் வென்ற அந்த அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள், இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மரைன் பயிற்சிக்காக வந்த டோனி புட்கோவிச், அலெக்ஸ் அகாஸி போன்றவர்கள். புட்கோவிச் பருவம் முடிவதற்கு முன்பே முகாமுக்கு அழைக்கப்பட்டுவிட்டார்.

மாறாக, ஒஹாயோ ஸ்டேட் தரைப்படைத் திட்டத்தை ஏற்ற கல்லூரி. 1942-இல் நாட்டின் முதலிடத்தில் இருந்த அந்த அணி, 1943-இல் பெரும்பாலும் பதினேழு வயதுப் பையன்களைக் கொண்டு ஆடி, ஒன்பதில் ஆறு ஆட்டங்களைத் தோற்றது. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற பழைய விதி போர்க்காலத்தில் தளர்த்தப்பட்டதால்தான் அந்தப் பையன்களாவது கிடைத்தார்கள். லெஸ் ஹோர்வத் அப்போது அதே வளாகத்தில்தான் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் தரைப்படைத் திட்டத்தின் மாணவர் என்பதால் பந்தைத் தொட முடியவில்லை. 1944-இல் அந்தக் கட்டு நீங்கியது. பட்டப்படிப்பை முடித்தவர் என்றாலும் போர்க்கால விதித் தளர்வால் ஆடும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் அணிக்குத் திரும்பினார். ஒஹாயோ ஸ்டேட் ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. ஹெய்ஸ்மன் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. முந்தைய ஆண்டு அவருடைய திறமை எங்கும் போய்விடவில்லை, அனுமதிதான் இல்லை. உங்கள் கட்டுரைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பெர்டெல்லியைப் பொறுத்தவரை, ஆறு ஆட்டங்கள் என்ற எண் மட்டும் போதாது. அந்த ஆறில் அவர் வீசிய 36 பந்துகளில் 25 சக வீரர்களின் கையைச் சேர்ந்தன. அவற்றில் பத்து டச்டவுன்களாக, அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிய புள்ளிகளாக, மாறின. அதன் பிறகு மரைன் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்தில் இறங்கிய ஜானி லுஜாக், தாம் தொடக்கத்திலிருந்தே ஆடிய முதல் ஆட்டத்தில் ஆர்மி அணியை 26-0 என்று வீழ்த்த உதவினார். நோட்ர டேம் அந்த ஆண்டு தோற்ற ஒரே ஆட்டம், கிரேட் லேக்ஸ் கடற்படைத் தளத்தின் அணிக்கு எதிராக, இறுதி நிமிடத்தில், 19-14 என்ற கணக்கில். படைத்தளங்களின் அணிகளும் கல்லூரிகளோடு ஒரே தரவரிசையில் இடம்பெற்ற காலம் அது. அயோவா ப்ரீ-ஃப்ளைட் என்ற கடற்படை விமானிகள் பயிற்சிப் பள்ளியின் அணி 1943-இல் நாட்டிலேயே இரண்டாம் இடத்தைப் பிடித்தது. கல்லூரியை முடித்துத் தொழில்முறை ஆட்டத்தில் தேறியவர்கள்கூட அத்தகைய அணிகளில் இருந்தார்கள். ஆகவே 1943-இன் நோட்ர டேம் எதிராளிகள் இல்லாமல் வென்றது என்று எழுதிவிடாதீர்கள்.

அடையாளமிட்டு ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அந்த ஆண்டு அவரை எந்தப் படை எங்கே வைத்திருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பதில்: மைதானத்தோரம்

மேலே எழுதியவரின் விளக்கத்தைப் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் இந்த விளக்கம் ஆர்மி அணியின் மீது வந்து இறங்கும்போது, அந்த அணியின் நட்சத்திர ஓட்டக்காரர்களான டாக் பிளான்சர்டும் கிளென் டேவிஸும் ஆளில்லாத மைதானத்தில் ஓடியவர்கள் என்ற முடிவுக்கு வாசகர்கள் போய்விடுகிறார்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெஸ்ட் பாயின்ட் அணிக்குப் போர் பெரும் சாதகமாக அமைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அங்கே சேர்ந்தவர் ஏற்கனவே படையில் இருப்பவராகவே கருதப்பட்டார். ஆகவே பருவத்தின் நடுவில் அவரைப் பிடுங்கிக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள். பிளான்சர்டே 1942-இல் வட கரோலினாவின் முதலாண்டு அணியில் ஆடியவர். பிறகு ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, 1944-இல் வெஸ்ட் பாயின்ட்டுக்கு வந்தார். பயிற்சியாளர் எர்ல் பிளெய்க்கின் கையில் அந்த ஆண்டு இருந்த ஆள்பலம் வேறெந்தக் கல்லூரிக்கும் வாய்க்கவில்லை. ஒன்பது ஆட்டங்களில் 504 புள்ளிகள் எடுத்து, 35 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தார்கள். 59-0 என்று அவர்களிடம் தோற்ற நோட்ர டேமில் லுஜாக் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹியும் இல்லை. இருவரும் கடற்படையில் இருந்தார்கள்.

ஆனால் 1946-ஐப் பாருங்கள். போர் முடிந்து, மூன்று நான்கு ஆண்டுகள் படையில் கழித்த முதிர்ந்த வீரர்கள் எல்லாக் கல்லூரிகளுக்கும் திரும்பி வந்துவிட்டார்கள். பிளான்சர்ட் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டவர். டேவிஸ் 1945-இல் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக 11.5 கெஜம் முன்னேறினார். 1946-இல் அந்தச் சராசரி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எதிராளிகள் வலுப்பெற்றதற்கு அதைவிட நேரடியான அளவுகோல் வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஆர்மி ஒன்பது ஆட்டங்களை வென்று, ஒன்றைச் சமன் செய்து, தோல்வியின்றிப் பருவத்தை முடித்தது. டேவிஸுக்கு ஹெய்ஸ்மன் கோப்பை கிடைத்ததும் அந்த 1946-இல்தான். பிளான்சர்டுக்கு அது 1945-லேயே கிடைத்துவிட்டது.

1946 நவம்பர் 9 அன்று நடந்த அந்த 0-0 ஆட்டத்தில் ஒரு கணத்தை அவசியம் எழுதுங்கள். பிளான்சர்ட் தடுப்பு வரிசையைக் கடந்து பக்கவாட்டில் வெட்டவெளியில் ஓடுகிறார். அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் மிஞ்சியிருப்பவர் லுஜாக் ஒருவர்தான். குறுக்கே ஓடிவந்த லுஜாக் அவருடைய கால்களைக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கிறார். 1944-இல் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர், அப்போது ஆங்கிலக் கால்வாயில் கடற்படைப் படகு ஒன்றில் பணியில் இருந்தார். உங்கள் அட்டவணையில் 59-0 என்பதற்கும் 0-0 என்பதற்கும் நடுவில் இருப்பது இதுதான்.

மதிப்பீடு என்று கேட்டால், 1944, 1945 ஆகிய ஆண்டுகளின் புள்ளி வித்தியாசங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆட்டக்காரர்களைப் பெரிதாகவே எடுத்துக்கொள்வேன்.

ஆட்டக்குறிப்பு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹோர்வத் 1943-இல் ஆடாததற்கான காரணத்தை இதுவரை படிப்புச் சுமை என்றே எண்ணியிருந்தேன். அந்த ஒரு விவரமே கட்டுரையின் அமைப்பை மாற்றிவிடும். கால்பந்தை மட்டும் எழுதுவதா, மற்ற விளையாட்டுகளையும் சேர்ப்பதா என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. கூடைப்பந்து பற்றி யாரேனும் எழுத முடியுமா?

பதில்: வளையத்தடி

சேர்க்கத்தான் வேண்டும். கூடைப்பந்தில் ஐந்து பேர்தான் களத்தில் நிற்கிறார்கள். மூன்று பேரை எடுத்துவிட்டால் அணியே இல்லாமல் போய்விடும். 1942-43 பருவத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்தது சரியாக அதுதான். ஆண்டி ஃபிலிப் முன்னின்று ஆடிய அந்த அணி தன் மாநாட்டுப் போட்டிகள் (அதாவது தன் கல்லூரிக் கூட்டமைப்புக்குள் நடக்கும் போட்டிகள்) பன்னிரண்டையும் வென்றது. மொத்தப் பருவத்தில் தோற்றது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு ராணுவ முகாமின் அணியிடம். கடைசி ஆட்டத்தில் சிகாகோவை 92-25 என்று வென்றார்கள். அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் முதல் ஐவரில் மூவருக்கு ராணுவ அழைப்பு வந்தது. மற்ற இருவரையும் மாற்று வீரர்களையும் வைத்துக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போகலாமே என்ற யோசனை இருந்தும், போவதில்லை என்று முடிவானது. அந்த ஆண்டின் தேசியப் பட்டியலில் இல்லினாயின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அதனால் கோப்பைகளை மட்டும் எண்ணுகிற அட்டவணையில் இந்த அணி காணாமலே போய்விடும்.

மறுபுறத்தில் 1944-இன் யூட்டா அணி. அவர்களுடைய உள்ளரங்கை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது, மாநாட்டுப் போட்டிகளும் நடைபெறவில்லை. நியூயார்க் அழைப்புப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியிடம் தோற்றுவிட்டார்கள். அதே சமயத்தில் ஆர்கன்சா அணியினர் கார் விபத்தில் சிக்கி, தேசியப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அந்த இடம் யூட்டாவுக்கு வந்தது. முதலாண்டு மாணவரான ஆர்னி ஃபெரின் இறுதி ஆட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரத்தில் டார்ட்மவுத்தை 42-40 என்று வென்றார்கள். டார்ட்மவுத்தில் அன்று ஆடிய டிக் மெக்வயர், அதே பருவத்தைச் செயின்ட் ஜான்ஸ் அணியில் தொடங்கியவர். வி-12 திட்டம் அவரை நடுவில் இடம் மாற்றியது. பிறகு செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக நடந்த ஆட்டத்தில் அந்தச் செயின்ட் ஜான்ஸையும் யூட்டா 43-36 என்று வென்றது.

அந்த யூட்டா அணியில் வாட் மிசாகா என்ற ஜப்பானிய அமெரிக்க மாணவர் ஆடினார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக முகாம்களில் அடைத்திருந்த ஆண்டு அது. அவருடைய குடும்பம் யூட்டாவின் ஆக்டன் நகரில் வாழ்ந்ததால் தப்பியது. வென்ற கையோடு அவருக்கு ராணுவ அழைப்பு வந்தது. குண்டுவீச்சின் விளைவுகளை ஆராயும் குழுவோடு ஹிரோஷிமா சென்று, திரும்பி வந்து, 1947-இல் யூட்டா நியூயார்க் போட்டியில் கென்டக்கியை 49-45 என்று வென்றபோதும் அணியில் இருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன்பு தோல்வியைத் தந்த அதே கென்டக்கி.

பதில்: நூலகமேசை

மிசாகாவைப் பற்றிப் படித்ததும் ஜாக் யோஷிஹாராவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த அட்டவணையிலும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடச் சேர்ந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, மேற்குக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று கருதி, 1942 புத்தாண்டு நாளின் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தைக் கலிபோர்னியாவின் பசடேனாவிலிருந்து வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு மாற்றினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், ஓரிகன் ஸ்டேட் 20-16 என்று வென்றது. அந்த அணியைச் சேர்ந்த யோஷிஹாரா டர்ஹமுக்குப் பயணம் செய்யவே அனுமதிக்கப்படவில்லை. ஜப்பானியர்கள் வீட்டிலிருந்து 35 மைலுக்கு அப்பால் போகக் கூடாது என்பது கட்டுப்பாடு. அணி வென்ற சில மாதங்களில் அவர் ஜப்பானிய அமெரிக்கர்களுக்கான மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது 2008-இல்.

அந்த ஆட்டத்தின் இரு தரப்பினரும் பின்னர் ஒரே ராணுவத்தில் கலந்தார்கள். டியூக்கின் பயிற்சியாளர் வாலஸ் வேட் பீரங்கிப் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் போரிட்டார். டியூக்கின் சார்லஸ் ஹெய்ன்ஸ் 1944-இல் இத்தாலியில் குண்டுச் சிதறல்பட்டுப் பல மணி நேரம் கிடந்தபோது, அவரைத் தூக்கிக் கொண்டுவந்து காப்பாற்றியவர்களில் ஒருவர் ஓரிகன் ஸ்டேட்டில் ஆடிய ஃபிராங்க் பார்க்கர்.

உங்கள் கட்டுரையில் திரும்பி வராதவர்களுக்கும் உரிய இடம் வேண்டும். அயோவாவின் நைல் கின்னிக் 1939-இல் ஹெய்ஸ்மன் கோப்பையை ஏற்றுப் பேசியபோது, தம்முடைய போர் ஐரோப்பாவின் களங்களில் நடக்காமல் விளையாட்டு மைதானத்தில் நடப்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறினார். 1943 ஜூன் 2 அன்று, லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சிக்காகப் பறந்தபோது எண்ணெய்க் கசிவால் அவருடைய விமானம் வெனிசுவேலாவை ஒட்டிய கடலில் இறங்கியது, உடல் கிடைக்கவில்லை. வயது 24. மேலே சொல்லப்பட்ட புட்கோவிச் 1945 ஏப்ரலில் ஒகினாவாவில் இறந்தார். ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்திய விஸ்கான்சினின் டேவ் ஷ்ரைனரும், அவருடன் ஆடிய பாப் பாமனும் அதே ஒகினாவாவில் இறந்தார்கள்; ஷ்ரைனர் இறந்தது ஜூன் மாதம், அந்தத் தீவின் போர் ஓய்கிற வேளையில். 1942-43 கல்லூரிப் பருவங்களின் முழுமையான அணியை யாராலும் மறுபடியும் கூட்டியிருக்க முடியாது. 1946-இல் திரும்பிவந்தவர்களை வைத்து முந்தைய ஆண்டுகளை அளக்கும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆட்டக்குறிப்பு

நால்வருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒதுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஒவ்வொரு வீரருக்கும் கல்லூரியின் பெயரோடு, எந்தப் படை, எந்தத் திட்டம், எப்போது அழைக்கப்பட்டார் என்ற மூன்று விவரங்களையும் சேர்க்கப் போகிறேன். ஹிர்ஷை விஸ்கான்சின், மிச்சிகன் என்ற இரண்டு பட்டியல்களிலும் எழுதுவேன். யோஷிஹாராவை 1942 ரோஸ் பவுல் அணியின் பட்டியலில் எழுதுவேன். ஆடிய ஆட்டங்கள் என்ற கட்டத்தில் சுழியம் இருந்தாலும் அவருடைய இடம் அங்கேதான்.

பதில்: கடைசிக்கெஜம்

அப்படியே செய்யுங்கள். ஒரு சேர்க்கை மட்டும்: 1942-இல், கடற்படைக் கல்லூரி இருக்கும் அன்னாபொலிஸில், அந்தக் கல்லூரியின் நேவி அணியோடு ஆர்மி மோதிய ஆர்மி-நேவி ஆட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பயணக் கட்டுப்பாட்டால் வெஸ்ட் பாயின்ட் மாணவர்கள் வர முடியவில்லை. எனவே கடற்படைக் கல்லூரி மாணவர்களிலேயே ஒரு பகுதியினரை எதிர்ப்பக்கம் உட்காரவைத்து, ஆர்மிக்காக ஆரவாரம் செய்யுமாறு ஆணையிட்டார்கள். அவர்களும் ஆர்மியின் பாடல்களைக் கற்றுக்கொண்டு வந்து பாடினார்கள். வீரர்களைப் போலவே பார்வையாளர்களும் எந்தப் பக்கம் என்பதை ஆணைதான் தீர்மானித்தது என்பதற்கு அந்த ஆட்டம் சான்றாக நிற்கும்.